வெனிசில் எடுத்த படம்

தகரக் கதவில் விழுந்த முதல் உதையிலேயே மேல் கீல் தெறித்தது. இரண்டாவது உதைக்குக் கதவு முழுசாக உள்ளே சாய்ந்து, கரி மூட்டைகளின் மேல் விழுந்தது.

மதுரை வடக்குவெளி வீதியை ஒட்டி இருந்த ஒரு பஸ் பட்டறை அது. காலை ஆறு மணி. யுத்தம் முடிந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியும் பெட்ரோலுக்குப் பஞ்சம் தீரவில்லை. பஸ்கள் கரிப் புகையில்தான் ஓடின. பிட்டர் கண்ணுச்சாமி ஒரு பஸ்ஸின் பின்னால் மாட்டியிருந்த கரி அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தான். கம்பியை அப்படியே கையில் பிடித்தபடி திரும்பினான்.

வாசலில் சோணை நின்றான்.

பட்டாளத்துக் காக்கிச் சட்டையை இன்னும் கழற்றவில்லை. கண் சிவந்திருந்தது. வலது கையில் ஒரு போட்டோ.

"ஏலேய் கண்ணுச்சாமி! இது யாரு எழுத்துடா?"

போட்டோவின் பின்பக்கத்தை அவன் மூக்குக்கு நேரே நீட்டினான் சோணை. ஊதா மையில் இரண்டு வரி. 'இவளை இந்த ஊரில் கல்யாணம் செய்துகொண்டேன். பெயர் மரியா. இப்படிக்கு, சோணை.'

சோணைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இத்தாலியில் இருவரும் ஒன்றாக இருந்தவரை அவன் ஊருக்குப் போட்ட கடிதமெல்லாம் கண்ணுச்சாமி எழுதியதுதான். பட்டாளக் கம்பெனியில் பாதிப் பேருக்கு அவன்தான் எழுத்து. பொய் சொல்ல வழியில்லை.

"என் எழுத்துதாண்ணே" என்றான்.

அடுத்த நொடி அவன் கழுத்து சோணையின் பிடியில் இருந்தது. பஸ்ஸின் தகரத்தில் பின்மண்டை மோதியது.

"நல்லகாமன்!" என்று அலறினான் கண்ணுச்சாமி. "நாயக் நல்லகாமன்தாண்ணே எழுதச் சொன்னாரு! நீங்க சொல்லி அனுப்புனதா சொன்னாரு! நான் உங்களுக்கு எழுதுறவன்தானே, கேள்வி கேட்காம எழுதிட்டேன்!"

பிடி தளர்ந்தது.

அதே கம்பெனியில் நாயக்காக இருந்த நல்லகாமன் செத்துப் பதினான்கு மாதமாகிறது. யுத்தம் முடிந்த பிறகு ஓர் ஆற்றங்கரையில் கண்ணிவெடி தோண்டப் போய்த் துண்டு துண்டாகச் சிதறியவன். மறுத்துப் பேச அவன் வரப்போவதில்லை. உயிரோடு இருந்தவரை குறும்புக்குப் பேர்போனவன். சோணை உடனே நம்பினான். கண்ணுச்சாமிக்கு இப்படி ஒரு காரியம் செய்யும் தைரியம் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"நாசமாப் போனவன்" என்று துப்பினான் சோணை. "செத்தும் என் குடியைக் கெடுத்துட்டான். கிளம்புடா. உச்சிக்கு மந்தையில பஞ்சாயத்து. நடந்ததை நடந்தபடி நீ வந்து சொல்லணும்."

"இன்னைக்கு டூட்டிண்ணே..."

"உங்க ஆத்தா எங்க காட்டுலதான களையெடுக்குது?"

கண்ணுச்சாமி கம்பியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தான்.

இருவருக்கும் ஒரே ஊர், எழுமலைப் பக்கம். ஊர் ஒன்று, தெரு வேறு. சோணை வீட்டுக்கு நாற்பது ஏக்கர் புஞ்சை. கண்ணுச்சாமியின் தாய் மலையம்மாள் அந்தப் புஞ்சையில் குனிந்தே முதுகு வளைந்தவள். பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது இருவரும் ஒரே நாளில் சேர்ந்து, ஒரே சாப்பர் கம்பெனிக்குப் போனார்கள். பாலம் கட்டுவதும் வெடி தோண்டுவதும் சாப்பர் வேலை. அங்கே ஒரே வரிசை, ஒரே சோறு. அங்கேதான் கண்ணுச்சாமி சோணையை 'அண்ணே' என்று கூப்பிடப் பழகினான். யுத்தம் முடிந்து ஆளைக் குறைத்தபோது கண்ணுச்சாமியை முதலிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எட்டு மணி பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். செக்கானூரணி தாண்டியது. சோணை சொன்னான்:

"நேத்துத்தான் ஊருக்கு வந்தேன். வீட்டுல இருளாயி இல்லை. இந்தப் படம் வந்த அன்னைக்கே அவ அண்ணன் பேயாண்டி வந்து கூட்டிட்டுப் போயிட்டானாம். ஒரு வருசமா அவன் வீட்டுச் சோறு. கடுதாசியில ஒருத்தரும் எனக்குச் சொல்லலை. இப்ப என்னடான்னா, நான் துரும்பு கொடுக்கணுமாம். எங்க ஆத்தா சொல்லிச்சு. உடனே பருத்தி லாரியில ஏறி உன்னைத் தேடி ஓடியாந்தேன்."

அவர்கள் வழக்கத்தில் உறவை முறிப்பதற்குக் கோர்ட்டும் காகிதமும் கிடையாது. பஞ்சாயத்தில் புருஷன் ஒரு துரும்பை எடுத்து நீட்டுவான். பெண்டாட்டி வாங்கிக்கொண்டால் தீர்ந்தது. மறுநாளே அவள் வேறு கல்யாணம் செய்துகொள்ளலாம்.

"கொடுத்துட்டுப் போங்கண்ணே. உங்களுக்குப் பொண்ணா கிடைக்காது?"

சோணை அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"எங்கிட்ட ஒருத்தி துரும்பு வாங்கிட்டுப் போறதா? நான் துப்பாக்கி பிடிச்சவன்டா. முன்னாடி ரெண்டு தடவை அவ ஓடுனா. ரெண்டு தடவையும் பேயாண்டியே கையைப் பிடிச்சுக் கூட்டியாந்து விட்டான். 'புருசன் அடிச்சான்னு வந்து நிக்கிறியே, வெக்கமா இல்லை?'ன்னு எங்க வாசல்ல வச்சே திட்டுனான். நல்ல மச்சினன். இந்தத் தடவை மட்டும் முறுக்கிக்கிட்டு நிக்கிறான். ஏன்? நான் அடிச்சதுக்கு இல்லை. அவனைக் கேட்காம ரெண்டாவது கட்டிக்கிட்டேனாம், அவன் வீட்டுக்கு அவமானமாம். அது இல்லைன்னு ஆயிட்டா அவனே கூட்டியாந்து விட்டுருவான்."

"வந்தா...?"

"வரட்டும். போன தடவை ஒரு காதைத்தான் அறுத்தேன். இன்னொண்ணு பாக்கி இருக்கு."

சொல்லிவிட்டுச் சோணை ஜன்னல் வழியாக வெற்றிலைச் சாற்றைத் துப்பினான். வெளியே பொட்டல். உடைமரங்களுக்கு நடுவே கானல் தண்ணீர்போல் நெளிந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வெனிசு ஞாபகம் வருதுடா. நீ தண்ணிக்குள்ள விழுந்தியே, எம்புட்டுச் சிரிச்சோம்!"

கண்ணுச்சாமியும் சிரித்தான். சிரிக்காமல் இருக்க முடியாது.

அந்த நாள் அவனுக்கு மணி மணியாக நினைவிருந்தது.

யுத்தம் முடிந்த மறு மாசம். கம்பெனியில் இருபது பேருக்கு ஒரு பகல் லீவு கொடுத்து, லாரியில் ஏற்றி வெனிசுக்கு அனுப்பினார்கள். காலை ஏழு மணிக்குப் புறப்பாடு, சாயந்தரம் ஆறு மணிக்கு லாரிக்குத் திரும்பிவிட வேண்டும். கடலின் நடுவே நீளமான பாலத்தில் லாரி ஓடியது. ஊர் வாசலோடு ரோடு முடிந்துபோயிற்று. அதற்கப்புறம் தெரு இருக்க வேண்டிய இடமெல்லாம் தண்ணீர். வீட்டு வாசற்படி தண்ணீரில் இறங்கியது. காய்கறி படகில் வந்தது. பிணம்கூடப் படகில் போயிற்று.

சோணை, நல்லகாமன், கண்ணுச்சாமி மூவரும் ஒன்றாகச் சுற்றினார்கள்.

"இம்புட்டுத் தண்ணிய வச்சுக்கிட்டு ஒரு குழி நாத்துப் பாவலையே, என்ன சனம்டா இது!" என்றான் சோணை.

நல்லகாமன் கையை நனைத்து நக்கிப் பார்த்தான். "உப்புண்ணே! அதான் நடலை."

பத்தடிக்கு ஒரு பாலம் வந்தது. பாலம் கட்டியே கை காய்த்தவர்கள் அல்லவா, ஒவ்வொன்றின் நடுவிலும் நின்று நல்லகாமன் பூட்ஸால் ஓங்கி மிதித்துப் பார்த்தான். "இது மூணு டன் தாங்கும். இது ரெண்டுதான்."

"லாரியே இல்லாத ஊருல டன் எதுக்குடா, கூமுட்டை?"

மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பத்து மணி வரை அது நல்ல நாளாகத்தான் இருந்தது.

பத்து மணிக்கு, சிகரெட் கொடுத்து ஒரு கறுப்புப் படகு பிடித்தார்கள். பின்னால் ஒருவன் நின்று துடுப்புப் போடுவான். நடுவில் சிவப்பு மெத்தை வைத்த ஆசனம். கண்ணுச்சாமி முதலில் ஏறியவன், அதில் உட்கார்ந்துவிட்டான். அவன் அதற்கு முன் மெத்தையில் உட்கார்ந்ததில்லை.

சோணை அவனைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான். படகு கரையை விட்டு நகர்ந்த பிறகு, நிதானமாகக் கேட்டான்:

"ஏலேய், ஊர்ல இருந்தா எனக்கு முன்னால இப்பிடி உக்காந்திருப்பியா?"

"இது பட்டாளம்தானேண்ணே..."

"இன்னைக்கு லீவுடா. எந்திரி."

எழுந்தான். அந்தப் படகில் நின்று பழகியவன் துடுப்புக்காரன் ஒருவன்தான். படகு ஆடியது. சோணை பூட்ஸ் காலை நீட்டி அவன் முழங்காலின் பின்பக்கம் மெதுவாக, மிக மெதுவாகத் தட்டினான்.

கண்ணுச்சாமிக்கு நீச்சல் தெரியாது. அவனுடைய தெருவில் யாருக்கும் தெரியாது. ஊர்க் கிணறுகளில் அவர்கள் இறங்கக் கூடாது. இரண்டு தடவை முங்கி எழுந்தபோது, இரண்டு தடவையும் சோணையின் சிரிப்புத்தான் காதில் விழுந்தது. மூன்றாவது தடவை துடுப்புக்காரன் துடுப்பை நீட்டினான். இரு கரையிலும் ஜன்னல்களில் வெள்ளைக்காரப் பெண்கள் கைதட்டினார்கள்.

அன்று முழுவதும் சொட்டச் சொட்ட அவர்கள் பின்னாலேயே நடந்தான். லாரி ஆறு மணிக்குத்தான்.

கோயில் முன்னால் இருந்த பெரிய சதுக்கத்தில் புறாக்களும் போட்டோக்காரர்களும் இருந்தார்கள். ஒரு பெண் பூட்ஸ்காரர்கள் பின்னாலெல்லாம் போய்க் கையேந்திக்கொண்டிருந்தாள். இருபது வயதிருக்கும். ஒட்டுப் போட்ட கோட்டு, கட்டைச் செருப்பு. பசியில் கன்னம் ஒட்டியிருந்தது.

சோணை பையிலிருந்து ஒரு மீன் டப்பாவை எடுத்துக் காட்டினான். போட்டோப் பெட்டியைக் காட்டினான். தன் தோளைக் காட்டினான். அவளுக்குப் புரிந்தது. வந்து ஒட்டி நின்றாள். சோணை அவள் இடுப்பில் கையைப் போட்டான். போட்டோக்காரன் ஏதோ சொன்னான். டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

படம் எடுத்தாயிற்று. அவள் கையை நீட்டினாள்.

சோணை கொடுக்கவில்லை. டப்பாவைத் தூக்கிப் போட்டுப் பிடித்தபடியே கால்வாய்ப் படி வரை நடந்தான். அவள் பின்னாலேயே ஓடினாள். படியில் நின்று, "சலாம் போடு" என்று செய்து காட்டினான். போட்டாள். "இன்னொண்ணு." போட்டாள். "குனிஞ்சு." தலை முழங்காலைத் தொடக் குனிந்தாள். அவள் நிமிரும் வரை காத்திருந்து, அவள் கண் எதிரிலேயே டப்பாவைத் தண்ணீரில் நழுவவிட்டான்.

அவள் கத்தவில்லை. பாசிப் படியில் குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டுத் துழாவினாள்.

"பார்றா, அயிரை பிடிக்கிறா!" என்றான் சோணை. நல்லகாமன் சிரித்தான்.

கண்ணுச்சாமியும் சிரித்தான். யாரும் சொல்லிச் சிரிக்கவில்லை. காலையிலிருந்து மூன்று பேரில் நனைந்தவன் அவன் ஒருவன்தான். இப்போது கூட ஓர் ஆள் சேர்ந்துகொண்டது அவனுக்குப் பிடித்திருந்தது.

போட்டோக்காரன் இரண்டு படம் கொடுத்தான். சோணை ஒன்றைச் சட்டைப் பையில் வைத்தான். இன்னொன்றை லாரியிலேயே போட்டுவிட்டு இறங்கிப் போனான். கண்ணுச்சாமி எடுத்துக்கொண்டான். மறுநாள் மத்தியானம் கூடாரத்தில் தனியே உட்கார்ந்து அந்த இரண்டு வரியை எழுதி, சோணை வீட்டு விலாசம் போட்டு, ஊருக்குப் போகும் கடிதக் கட்டில் சேர்த்துவிட்டான். பேயாண்டி கை நீட்டுகிறவன் என்று கேள்விப்பட்டிருந்தான். சோணை ஊர் திரும்பும் அன்று மச்சினன் கையால் நாலு பூசை வாங்க வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. இருளாயி என்று ஒருத்தி இருப்பது அவன் நினைப்பிலேயே இல்லை. அவளுக்கு எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறான், முகம்கூட நினைவில்லை.

"இறங்குடா."

உசிலம்பட்டியில் பஸ் மாற வேண்டும். சோணை டீ குடித்தான். கண்ணுச்சாமிக்கு வாங்கித் தரவில்லை.

"அண்ணே, பஸ் எடுக்கிறான்..."

"உசிலம்பட்டி வந்தாச்சு" என்றான் சோணை. "இனிமே அண்ணேங்கிற பேச்சு வேண்டாம். முன்னாடி எப்பிடிக் கூப்பிடுவியோ அப்பிடிக் கூப்பிடு."

"சரிங்க சாமி."

எழுமலை பஸ்ஸில் சோணை முன்னால் உட்கார்ந்தான். கண்ணுச்சாமி படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போனான்.

நின்றபடியே யோசித்தான். போய் உண்மையைச் சொன்னால் இருளாயிக்கு என்ன ஆகும் என்பதைச் சோணையே வாய்விட்டுச் சொல்லிவிட்டான். ஆமாம், கல்யாணம் நடந்தது, நான் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். துரும்பு கை மாறிவிடும். அவள் தப்பிவிடுவாள். ஆனால் சாயந்தரத்துக்குள் ஆத்தாளின் குடிசை எரிந்துவிடும். அவன் எலும்பு எத்தனை மிஞ்சும் என்பதும் தெரியாது. எழுமலை வரும் வரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி யோசித்தான்.

ஊர்ப் பொது மந்தையின் புளிய மரத்தடியில் நாற்பது ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். நடுவில் பெரியவர் உக்கிரபாண்டி. அவருக்கு முன்னால் வெற்றிலைத் தட்டில் ஒரே ஒரு சோளத்தட்டைத் துரும்பு. ஒரு பக்கம் பேயாண்டி, முறுக்கிய மீசையோடு. அவனுக்குப் பின்னால் தரையைப் பார்த்தபடி இருளாயி. அவளுடைய இடது காது மடல் இரண்டாகக் கிழிந்து, இரண்டு நூலாகத் தொங்கியது. வலது காதில் மட்டும் நகை.

"பூட்ஸைக் கழட்டு. அங்கேயே நில்லு" என்றார் உக்கிரபாண்டி. "நீதான் கூட இருந்தவனா?"

"ஆமாங்க சாமி."

"இவன் அந்த ஊர்க்காரியைக் கட்டிக்கிட்டானா?"

கண்ணுச்சாமி வாயைத் திறந்தான். சோணை அவனைப் பார்க்கவில்லை. கூட்டத்துக்கு வெளியே, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியபடி நின்ற மலையம்மாளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லைங்க சாமி" என்றான் கண்ணுச்சாமி. "அது வெளையாட்டுக்கு எடுத்த படம்."

"என்ன வெளையாட்டு? வெளங்கச் சொல்லு."

சொன்னான். தண்ணீரில் கிடக்கும் ஊரைச் சொன்னான். தான் விழுந்ததை விட்டுவிட்டான். பட்டினிக்காரியைச் சொன்னான். மீன் டப்பாவைச் சொன்னான். மூன்று சலாம் போட வைத்ததைச் சொன்னபோது கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டப்பா தண்ணீரில் விழுந்த இடத்தில் மந்தையே சிரித்தது.

"வெள்ளைக்காரியையே சலாம் போட வச்சிருக்கான்யா நம்ம சோணை!"

"டப்பாவைக் கொடுத்துட்டு வந்திருக்கலாமேடா, பாவி!"

"கொடுத்திருந்தா அவ பின்னாலேயே வந்திருப்பாய்யா!"

உக்கிரபாண்டிக்கே உதட்டோரம் துடித்தது. "அப்ப எழுதுனது?"

"நல்லகாமன்னு ஒருத்தருங்க சாமி. அவரு சொல்லி நான் எழுதுனேன். பொய்யின்னு எனக்குத் தெரியாது. அவரு செத்துட்டாரு."

அந்தக் கடைசி இரண்டு வாக்கியத்தையும் அவன் தடங்கலில்லாமல் சொன்னான்.

உக்கிரபாண்டி பேயாண்டி பக்கம் திரும்பினார். "என்னப்பா? வேற குறை எதுவும் இருக்கா?"

பேயாண்டியின் மீசை இறங்கிவிட்டது. அவமானம் இல்லை என்று ஆனதில் அவனுக்கு நிம்மதிதான். ஒரு வருஷம் தங்கச்சிக்குச் சோறு போட்ட களைப்பும் முகத்தில் தெரிந்தது. "வேற என்னய்யா குறை? மாப்ள தப்புப் பண்ணலைன்னா சரி. அடிக்கிறதெல்லாம் அவுக புருசன் பொண்டாட்டி சமாச்சாரம்."

"அப்ப கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லு."

உக்கிரபாண்டி துரும்பை எடுத்து இரண்டாக ஒடித்துத் தரையில் போட்டார். தட்டில் இருந்த வெற்றிலையை எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். சோணையைச் சுற்றி ஒரு கூட்டம் கூடிவிட்டது. அந்த ஊரில் பிணம்கூடப் படகில் போகுமாமே, நிஜமா? அவன் மறுபடியும் மீன் டப்பாவில் ஆரம்பித்து, கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான். இந்தத் தடவை அந்தப் பெண் ஆறு சலாம் போட்டாள்.

பேயாண்டி தங்கச்சியின் கையைப் பிடித்து எழுப்பினான். சோணையின் வீட்டுக்குப் போகும் வழி, கண்ணுச்சாமி பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்தை ஒட்டித்தான் போயிற்று. அவன் ஒதுங்கி வேலிமுள் வரை பின்னால் போனான். கிட்டே வந்தபோது ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"தாயி... உங்க புருசன் மேல பழி இல்லாமப் போச்சு" என்றான்.

இருளாயி நின்றாள். முதல் தடவையாக நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அண்ணன் கையை இழுத்தும் நகரவில்லை.

"படம் வந்த அன்னைக்கே, அந்தப் பொண்ணோட ஒட்டுன கன்னத்தைப் பார்த்ததுமே, அது பொய்யின்னு எனக்குத் தெரியும். நீ ஏன்யா இம்புட்டுத் தூரம் வந்து அதைச் சொன்ன?"